ஸ்டார் வார்ஸ் எப்படி எடுக்கப்பட்டது: ரசிகர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள்

எந்தப் பாத்திரம் பெரியது, எந்தப் படம் மோசம் என்ற சண்டை இங்கே இல்லை. இந்தப் படங்கள் ஏன் இப்படி எடுக்கப்பட்டன, முடிவு யாருடையது, பணம் யாருடையது என்ற கேள்விகளுக்கு மட்டும் பதில் சொல்கிறேன். 1977, 1980, 1983-இல் வந்தவை ‘முதல் மூன்று’, 1999, 2002, 2005-இல் வந்தவை ‘முன்கதை மூன்று’, 2015, 2017, 2019-இல் வந்தவை ‘டிஸ்னி மூன்று’. கதையின் ரகசியங்கள் எல்லாமே வெளிப்படையாக வரும், அதனால் இன்னும் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வருவது நல்லது.

எந்த வரிசையில் பார்க்க வேண்டும்?

வெளிவந்த வரிசையில்தான். எண் வரிசையில் 1, 2, 3 என்று தொடங்கினால் 1980 படத்தின் உச்சக்கட்ட உண்மை மூன்றாவது படத்திலேயே கைக்கு வந்துவிடும், அப்புறம் அந்தக் காட்சியில் அதிர்ச்சி அடைய உங்களுக்கு எதுவும் மிச்சம் இருக்காது. முன்கதை மூன்றும் அந்த உண்மை பார்வையாளருக்குத் தெரியும் என்று வைத்துக்கொண்டே எழுதப்பட்டவை.

முதலில் வந்த படம் எப்படி நான்காம் அத்தியாயம் ஆனது?

1977 மே 25 அன்று அமெரிக்காவில் 30 சொச்சம் தியேட்டர்களில் வெளியானபோது அதன் பெயர் வெறும் ‘ஸ்டார் வார்ஸ்’. எண் கிடையாது, துணைத் தலைப்பு கிடையாது. 1980-இல் அடுத்த படம் வந்தபோதுதான் திரையில் ‘அத்தியாயம் 5’ என்று எழுத்து ஓடியது. 1981-இல் முதல் படத்தை மறுபடி வெளியிட்டபோது ‘அத்தியாயம் 4’ என்பதையும் ‘எ நியூ ஹோப்’ என்பதையும் சேர்த்தார்கள். ஆகவே ‘ஒன்பது படங்களையும் ஜார்ஜ் லூகாஸ் முதல் நாளே எழுதி வைத்திருந்தார்’ என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். முதல் படத்தை எழுதி இயக்கிய லூகாஸிடம் பெரிய உலகம் ஒன்று மனதில் இருந்தது, கட்டுக்கட்டாகக் குறிப்புகளும் இருந்தன, ஆனால் நாம் இன்று பார்க்கும் வரிசை படம் படமாக உருவானதுதான்.

மேல்நோக்கி ஓடும் அந்த மஞ்சள் எழுத்து பழைய அமெரிக்கத் தொடர் படங்களிலிருந்து வந்த பழக்கம். முதல் படத்தில் அதை நிஜமாகவே தரையில் எழுத்துப் பலகையாக வைத்து, அதன் மேல் கேமராவை நகர்த்திப் படம்பிடித்தார்கள். முதலில் எழுதியது நீளமாகவும் புரியாமலும் இருந்தது. படத்தின் ஆரம்ப வடிவத்தைப் பார்த்த இயக்குநர் பிரையன் டி பால்மா அதைச் சுருக்கி எழுத உதவினார்.

டார்த் வேடர்தான் லூக்கின் அப்பா என்பது முதலிலேயே முடிவானதா?

இல்லை. இதற்கு ஊகமே தேவையில்லை, எழுத்தில் ஆதாரம் இருக்கிறது. 1980 படத்தின் முதல் திரைக்கதையை எழுதியவர் லீ பிராக்கெட். 1978 பிப்ரவரியில் அவர் முடித்துக்கொடுத்த அந்தப் பிரதியில் லூக்கின் அப்பா ஆவியாகத் தனியே வந்து மகனிடம் பேசுகிறார், வேடர் வேறு ஆள். அடுத்த மாதமே பிராக்கெட் புற்றுநோயால் இறந்துவிட்டார். லூகாஸ் தானே உட்கார்ந்து அடுத்த பிரதியை எழுதினார், வேடர் அப்பாவாக மாறியது அதில்தான். பிறகு லாரன்ஸ் காஸ்டன் வந்து வசனங்களைச் செதுக்கினார்.

இந்த முடிவைக் காப்பாற்றிய விதம் எனக்கு மிகவும் பிடிக்கும். செட்டில் வேடரின் உடைக்குள் நின்ற டேவிட் பிரௌஸுக்குக் கொடுத்த வசனமே வேறு, ஓபி-வான்தான் உன் அப்பாவைக் கொன்றான் என்று அவர் சொன்னார். லூக்காக நடித்த மார்க் ஹாமிலுக்கு மட்டும் ஷாட்டுக்குச் சற்று முன்னால் உண்மையைச் சொன்னார்கள். உண்மையான வசனத்தைப் பின்னால் டப்பிங்கில் பேசியவர் ஜேம்ஸ் ஏர்ல் ஜோன்ஸ். ஹாமிலின் முகத்தில் தெரியும் அந்த வலி வேறொரு வசனத்தைக் காதில் கேட்டுக்கொண்டு, மனதில் உள்ள வசனத்துக்குக் கொடுத்த நடிப்பு. அந்தக் காட்சியை இதைத் தெரிந்துகொண்டு மறுபடி ஒருமுறை பாருங்கள்.

லேயா தங்கை என்பதும் மூன்றாவது படத்துக்காக எடுத்த முடிவு. இரண்டாவது படத்தில் அந்த முத்தம் ஏன் இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு வேறு பதில் இல்லை.

முதல் படத்தை எடிட்டிங்தான் காப்பாற்றியது என்கிறார்களே?

பாதி உண்மை. லண்டனில் ஷூட்டிங் நடந்தபோதே ஒரு எடிட்டர் வெட்டிக்கொண்டிருந்தார், அது லூகாஸுக்குத் திருப்தி தராததால் அமெரிக்கா திரும்பியதும் முதலிலிருந்து ஆரம்பித்தார்கள். அப்போது வந்தவர்கள் மார்ஷியா லூகாஸ், ரிச்சர்ட் சூ, பால் ஹிர்ஷ். மூன்று பேருக்கும் எடிட்டிங்குக்கான ஆஸ்கர் கிடைத்தது, அது நியாயமான விருது. படத்தின் தொடக்கத்தில் லூக் தன் நண்பர்களோடு, குறிப்பாக பிக்ஸோடு பேசும் நீண்ட காட்சிகள் படமாக்கப்பட்டிருந்தன. அவற்றைத் தூக்கியதும் கதை இரண்டு ரோபோக்களின் பின்னாலேயே பாலைவனத்துக்குள் போய்ச் சேர்ந்தது, நாயகனைப் பார்க்க நாம் காத்திருக்க வேண்டியதாயிற்று. கடைசித் தாக்குதலில் திரைக்கதைப்படி லூக் எதிரியின் பிரம்மாண்ட விண்நிலையமான டெத் ஸ்டாரின் பள்ளத்தில் இரண்டு முறை பாய்கிறான், எடிட்டிங்கில் அது ஒரே பாய்ச்சலாகச் சுருங்கியது. அந்தப் பத்துப் பதினைந்து நிமிடத்தின் இறுக்கம் மேசையில் கட்டப்பட்டது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஆனால் ‘லூகாஸ் குப்பையைக் கொடுத்தார், மற்றவர்கள் தங்கமாக்கினார்கள்’ என்ற பேச்சை நான் ஏற்க மாட்டேன். முதல் வெட்டு சரியில்லை என்று தூக்கிப்போட்டதும் அவர்தான், இந்த மூன்று பேரைக் கொண்டுவந்ததும் அவர்தான், விண்கலச் சண்டைக்கான இடத்தில் இரண்டாம் உலகப் போர் விமானச் சண்டைத் துண்டுகளை ஒட்டிவைத்து இந்த வேகத்தில்தான் வேண்டும் என்று எல்லோருக்கும் காட்டியதும் அவர்தான்.

கம்ப்யூட்டர் கிராஃபிக்ஸ் இல்லாமல் அந்த விண்கலங்கள் எப்படிப் பறந்தன?

அவை பறக்கவே இல்லை, கேமராதான் பறந்தது. அதற்கு முன்பு பெரும்பாலும் மாதிரிக் கலத்தைக் கம்பியில் கட்டி கேமராவுக்கு முன்னால் இழுப்பார்கள். 1975-இல் லூகாஸ் தொடங்கிய ஐஎல்எம் என்ற எஃபெக்ட்ஸ் நிறுவனத்தில் ஜான் டைக்ஸ்ட்ராவின் குழு இதைத் தலைகீழாக்கியது. மாதிரி நிலையாக நிற்கும், கேமரா தண்டவாளத்தில் அதைக் கடந்து போகும், மின்னணுக் கட்டுப்பாட்டில் இயங்கும் மோட்டார்கள் அந்த நகர்வை நினைவில் வைத்துக்கொண்டு எத்தனை முறை கேட்டாலும் துளி மாறாமல் திரும்பச் செய்யும். அதனால் கலத்துக்கு ஒரு சுற்று, இயந்திர வெளிச்சத்துக்கு ஒரு சுற்று என்று தனித்தனியாக எடுத்து, அடுக்கடுக்காக ஒன்றின் மேல் ஒன்று பதிக்க முடிந்தது.

அப்படி அடுக்கும்போது ஒவ்வொரு பதிவிலும் படம் கொஞ்சம் மங்கும், துகள் கூடும். அதற்காக விஸ்டாவிஷன் என்ற பழைய முறையைத் தூசி தட்டி எடுத்தார்கள். அதில் 35 மிமீ ஃபிலிம் கேமராவுக்குள் படுக்கைவாட்டில் ஓடும், ஒவ்வொரு ஃபிரேமும் பெரிதாகப் பதியும், பல முறை நகலெடுத்தாலும் தாங்கும். 1950-களில் வந்து ஹாலிவுட் கைவிட்ட கேமராக்களை வைத்து அந்த நூற்றாண்டின் புதுமையான படத்தை எடுத்தார்கள்.

இதெல்லாம் சுலபமாக நடக்கவில்லை. படப்பிடிப்பை முடித்துவிட்டு லூகாஸ் திரும்பிவந்து பார்த்தபோது எஃபெக்ட்ஸுக்கான பணத்தில் பெரும்பகுதி கருவிகளைச் செய்வதிலேயே போயிருந்தது, கையில் இருந்த ஷாட்டுகள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. சுமார் 360 ஷாட் தேவைப்பட்ட படம் அது. நெஞ்சு வலிக்கிறது என்று அவர் மருத்துவமனைக்குப் போனதும் அந்தச் சமயத்தில்தான்.

எல்லாமே பழசாக, அழுக்காக இருப்பது வேண்டுமென்றே செய்ததா?

ஆமாம், அதோடு பணமும் இல்லை. சுமார் 1.1 கோடி டாலரில் முடிந்த படம். ரோஜர் கிறிஸ்டியனும் கலைக்குழுவும் கழித்துக்கட்டிய விமான உதிரிகளை மொத்தமாக வாங்கி வந்து உடைத்து செட்டில் ஒட்டினார்கள். லூக்கின் லைட்சேபர் என்ற ஒளிவாளின் கைப்பிடி ஒரு பழைய கிராஃப்ளெக்ஸ் கேமராவின் ஃபிளாஷ் பிடி. ஹானின் துப்பாக்கி ஜெர்மானிய மௌசர் பிஸ்டலின் மேல் தொலைநோக்கி வைத்தது. விண்கல மாதிரிகளின் மேல் தெரியும் நுணுக்கமான பாகங்கள் கடையில் கிடைக்கும் பொம்மை டாங்கி, கப்பல் கிட்டுகளைப் பிரித்து ஒட்டியவை. ரால்ஃப் மெக்குவாரி வரைந்த ஓவியங்கள் இவை எல்லாவற்றுக்கும் ஒரே தோற்றத்தைக் கொடுத்தன. வேடரின் முகமூடி பிறந்ததும் அவர் கையில்தான்: ஒரு கலத்திலிருந்து இன்னொன்றுக்கு விண்வெளி வழியாக வருபவன் மூச்சுவிட ஏதாவது வேண்டுமே என்று வரைந்தது அப்படியே நிலைத்துவிட்டது.

ஹானின் கலமான மில்லேனியம் ஃபால்கன் வட்டமாக இருப்பதற்கு ஒரு காரணம் உண்டு. முதலில் நீளமான கலம் ஒன்றைச் செய்து முடித்துவிட்டார்கள், அது அப்போது ஓடிக்கொண்டிருந்த ஒரு பிரிட்டிஷ் டிவி தொடரின் கலத்தைப் போலத் தெரிந்ததால் ஒதுக்கிவிட்டுப் புதிதாக வடிவமைத்தார்கள். ஒதுக்கிய கலத்தை வீணாக்கவில்லை, படத்தின் முதல் ஷாட்டில் துரத்தப்படும் லேயாவின் கலம் அதுதான்.

விண்வெளியில் காற்றே இல்லையே, எப்படிச் சத்தம் கேட்கிறது?

கேட்காது, ஆனால் பென் பர்ட் செய்த சத்தங்களை எடுத்துவிட்டால் படத்தின் பாதி உயிர் போய்விடும். லைட்சேபரின் ரீங்காரம் பழைய சினிமா புரொஜெக்டர் மோட்டாரின் முனகலும் டிவி படக்குழாய் அருகே மைக் போனபோது வந்த இரைச்சலும் சேர்ந்தது. எதிரிகளின் சிறு போர்க்கலமான டை ஃபைட்டர் அலறுவது யானையின் பிளிறலும் ஈரச்சாலையில் கார் போகும் சத்தமும். லேசர் துப்பாக்கிக்கு, ரேடியோ கோபுரத்தை இழுத்துக் கட்டியிருந்த கம்பியைச் சுத்தியலால் தட்டினார். வேடரின் மூச்சு ஸ்கூபா நீச்சல்காரர்களின் சுவாசக் கருவி. எல்லாம் நிஜ உலகத்திலிருந்து ஒலிப்பதிவு செய்தவை என்பதால்தான் காதுக்கு ஏதோ பழக்கமானது போல இருக்கிறது. அப்போது விண்வெளிப் படம் என்றால் மின்னணு சிந்தசைசர் சத்தம்தான் வழக்கம். இசையிலும் அதே துணிச்சல்: ஜான் வில்லியம்ஸ் லண்டன் சிம்பொனி ஆர்கெஸ்ட்ராவை வைத்து 19-ஆம் நூற்றாண்டு பாணியில் வாசிக்கவைத்தார்.

இரண்டாவது படத்தை ஏன் லூகாஸ் இயக்கவில்லை?

களைப்பு ஒரு காரணம். இன்னொரு காரணம் அவர் அப்போது முதலாளியாகிவிட்டார், அதை விளக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் இந்தத் தொடரில் நாம் கொண்டாடுவதும் திட்டுவதும் பெரும்பாலும் இங்கிருந்து கிளைத்தவை.

1973-இல் லூகாஸின் முந்தைய படம் பெரிய வெற்றி பெற்றது. ஸ்டார் வார்ஸுக்கு அவர் சம்பளத்தை ஏற்றிக் கேட்டிருக்கலாம், அதற்குப் பணம் போட்ட ஃபாக்ஸ் நிறுவனமும் அதைத்தான் எதிர்பார்த்தது. அவரோ சம்பள உயர்வை விட்டுவிட்டு, அடுத்தடுத்த படங்களுக்கான உரிமையும் பொம்மை, சட்டை போன்ற வணிகப் பொருட்களின் கட்டுப்பாடும் வேண்டும் என்றார். அன்றைக்கு அதற்கு யாரும் பெரிய மதிப்பு வைக்கவில்லை. 1977 கிறிஸ்துமஸுக்கு கென்னர் நிறுவனத்தால் பொம்மைகளைச் செய்து முடிக்கவே முடியாமல், பிறகு தபாலில் அனுப்புகிறோம் என்று உறுதிச்சீட்டு வைத்த அட்டை உறையை விற்றது, பெற்றோர்கள் அதையும் வாங்கினார்கள்.

அந்த வருமானத்தை வைத்தும் வங்கிக் கடன் வாங்கியும் இரண்டாவது படத்தை அவரே தயாரித்தார். இயக்க, தான் படித்த பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்திய இர்வின் கெர்ஷ்னரை அழைத்தார். நார்வேயின் ஃபின்சேயில் பனிப்புயல் அடைத்துக்கொண்டபோது குழுவினர் தங்கியிருந்த ஹோட்டலின் கதவருகே கேமராவை வைத்து, மார்க் ஹாமிலை வெளியே பனியில் ஓடவிட்டு எடுத்தார்கள். கெர்ஷ்னர் நிதானமாக எடுப்பவர், முகங்களுக்கு நேரம் கொடுப்பவர். ஹானை உறையவைக்கும் முன் லேயா காதலைச் சொல்லும்போது அவன் சொல்லும் ‘எனக்குத் தெரியும்’ என்ற பதில் எழுதிவைத்ததல்ல, கெர்ஷ்னரும் ஹாரிசன் ஃபோர்டும் செட்டில் பேசிப்பேசிக் கண்டுபிடித்தது. இதற்கிடையில் சுமார் 1.8 கோடி டாலர் என்று ஆரம்பித்த செலவு 3 கோடியை ஒட்டிப் போய்விட்டது, வங்கி கையை விரித்தது, புதுக் கடனுக்கு ஃபாக்ஸிடம் உத்தரவாதம் கேட்க வேண்டியிருந்தது. சொந்தக் காசு கரைகிறது என்று தெரிந்தும் கெர்ஷ்னரை அவர் மாற்றவில்லை. இந்தத் தொடரிலேயே சிறந்த படம் அதுதான் என்பது என் கருத்து, தன் பணத்தைப் போட்டுவிட்டு இன்னொருவரை அவர் விருப்பப்படி எடுக்கவிட்ட அந்த ஒரு முறைதான் அது சாத்தியமானது.

இயக்குநர் சங்கத்தோடு என்ன சண்டை?

படம் எழுத்தோட்டத்தோடு தொடங்க வேண்டும், பெயர்கள் எல்லாம் கடைசியில்தான் என்பது லூகாஸின் விருப்பம். முதல் படத்தில் இயக்குநரும் அவரே என்பதால் யாரும் எதுவும் சொல்லவில்லை. இரண்டாவது படத்தில் கெர்ஷ்னர் பெயர் தொடக்கத்தில் இல்லை, ஆனால் ‘லூகாஸ்ஃபிலிம்’ என்று லூகாஸின் நிறுவனப் பெயர் வந்துவிட்டது. அது லூகாஸின் பெயரையே போட்டது போல என்று சங்கம் அபராதம் விதித்தது. அவர் கட்டிவிட்டு இயக்குநர் சங்கத்திலிருந்தும் எழுத்தாளர் சங்கத்திலிருந்தும் விலகினார். மூன்றாவது படத்தை பிரிட்டனைச் சேர்ந்த ரிச்சர்ட் மார்க்குவாண்ட் இயக்கியதற்கு இந்த விலகலும் ஒரு காரணம்.

ஹான் முதலில் சுட்டானா இல்லையா? அசல் படத்தை எங்கே பார்ப்பது?

முதல் படத்தில் ஹானைப் பிடிக்க மதுக்கடைக்கு வருபவன் க்ரீடோ. 1977-இல் சுட்டது ஹான் மட்டும்தான், க்ரீடோ சுடவே இல்லை. 1997 சிறப்புப் பதிப்பில் மேசைக்கு எதிரே உட்கார்ந்திருக்கும் க்ரீடோ முதலில் சுட்டுத் தவறவிடுகிறான். 2004 டிவிடியில் இருவரும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் சுடுகிறார்கள். 2019-இல் டிஸ்னியின் ஸ்ட்ரீமிங்கில் வந்தபோது க்ரீடோவுக்கு ‘மக்ளங்கி’ என்று ஒரு புதுச் சொல்லும் சேர்ந்திருந்தது. சுயநலக்காரன் ஒருவன் கடைசியில் நண்பனுக்காகத் திரும்பி வருகிறான் என்பதுதான் முதல் படத்தில் ஹானின் கதை. தொடக்கத்திலேயே அவனை நல்லவனாக்கிவிட்டால் அந்தத் திரும்பி வருதலின் கனம் குறைகிறது. எனக்கு இது பெரிய விஷயம்.

மாற்றங்கள் எல்லாமே கெட்டவை என்று சொல்லவில்லை. பனிக்கிரகச் சண்டையில் சிறு கலங்களின் விமானி அறை வழியே பின்னணி கண்ணாடி போல ஊடுருவித் தெரிந்ததைச் சரிசெய்தது நல்ல வேலை. 1976-இல் கனமான ஒரு நடிகரை வைத்து எடுத்து ஒதுக்கியிருந்த, ஹான் கடன்பட்டிருக்கும் ஜாபா வரும் காட்சியை 1997-இல் சேர்த்தார்கள். ஃபோர்டு அந்த நடிகரைச் சுற்றிப் பின்னால் நடந்திருந்ததால், கிராஃபிக்ஸ் ஜாபாவின் வாலை ஹான் மிதித்து ஏறுவது போலச் செய்ய வேண்டிவந்தது. அதில் உழைப்பு தெரிகிறது, ஆனால் அதே விஷயத்தை க்ரீடோ காட்சியே சொல்லி முடித்துவிட்டது, ஆகவே தேவையில்லை. 2011 ப்ளூ-ரேயில் வேடர் மகனைக் காப்பாற்றும் நேரத்தில் ‘இல்லை’ என்று கத்துவதைச் சேர்த்ததற்கு எந்த நியாயமும் எனக்குத் தெரியவில்லை. முகமே இல்லாத ஒருவன் மகனையும் பேரரசனையும் மாறிமாறிப் பார்ப்பதிலேயே எல்லாம் இருந்தது.

தன் படத்தைத் திருத்த லூகாஸுக்கு உரிமை உண்டு. பழையதைப் பார்வையிலிருந்து எடுத்ததுதான் என் மனக்குறை. 1988-இல் இதே லூகாஸ் அமெரிக்க நாடாளுமன்றத்தில் போய், பழைய படங்களுக்கு வண்ணம் பூசுவதையும் மாற்றுவதையும் எதிர்த்துப் பேசினார். அந்த ஆண்டு வந்த சட்டத்தால் உருவான தேசியத் திரைப்படப் பதிவேட்டின் முதல் பட்டியலிலேயே, 1989-இல், ஸ்டார் வார்ஸ் இடம்பெற்றது. அதற்குப் பிறகுதான் 1997 வந்தது. எந்த ஸ்டுடியோவுக்கும் பதில் சொல்லத் தேவையில்லாத சுதந்திரம் 1980 படத்தைக் கொடுத்தது, அதே சுதந்திரம்தான் இதையும் செய்யவைத்தது, யாரும் தடுக்கும் இடத்தில் இல்லை.

2006-இல் அசல் வடிவங்கள் கூடுதல் டிஸ்காக டிவிடியில் வந்தன, ஆனால் லேசர்டிஸ்க் காலத்து மாஸ்டர், இன்றைய திரையில் சுமாராகத்தான் தெரியும். அதன் பிறகு ரசிகர்களே 35 மிமீ பிரிண்ட் ஒன்றை ஸ்கேன் செய்து சுத்தம் செய்தார்கள், ‘4கே77’ என்ற பெயரில் அந்த வேலை தெரியும். உரிமையாளர் அனுமதி இல்லாத வேலை, ஆனாலும் பொறுமையும் அன்பும் கலந்த வேலை. 2025 ஜூனில் பிரிட்டிஷ் ஃபிலிம் இன்ஸ்டிட்யூட் லண்டனில் அசல் டெக்னிகலர் பிரிண்டையே திரையிட்டது. 50-ஆம் ஆண்டுக்காக 2027-இல் 1977 வடிவத்தைச் சீரமைத்துத் தியேட்டருக்குக் கொண்டுவருவதாக லூகாஸ்ஃபிலிம் அறிவித்திருக்கிறது.

முன்கதை மூன்றும் முழுக்க கிராஃபிக்ஸ்தானே?

இது நியாயமில்லாத குற்றச்சாட்டு. 1999 படத்தில் மினியேச்சர் வேலை கொட்டிக்கிடக்கிறது. பாட்ரேஸ் என்ற பந்தயம் நடக்கும் மைதானத்தில் தூரத்தில் தெரியும் ஆயிரக்கணக்கான ஜனங்கள் சாயம் பூசிய பஞ்சுக் குச்சிகள். நபூ அரண்மனை இத்தாலியின் கசெர்டா அரண்மனை. 2005 படத்தின் எரிமலைக் கிரகத்துக்குப் பெரிய மாதிரி ஒன்றைக் கட்டி, கெட்டியான திரவத்தை ஓடவிட்டு அடியிலிருந்து வெளிச்சம் கொடுத்தார்கள், கூடவே இத்தாலியின் எட்னா எரிமலை வெடித்தபோது எடுத்த நிஜக் காட்சிகளையும் சேர்த்தார்கள்.

என் குறை வேறு இடத்தில். 2002 படத்தை ஃபிலிமை விட்டுவிட்டு சோனி டிஜிட்டல் கேமராவில் முழுக்க எடுத்தார்கள், பெரிய ஹாலிவுட் படத்தில் அது முன்னோடி முயற்சி. ஆனால் அந்தக் கேமராவின் அளவு 1920-க்கு 1080 பிக்சல், அகலத் திரைக்காக மேலும் கீழும் வெட்டினால் இன்னும் குறைவு. 1977 நெகடிவை இன்றைக்கு 4கே-யில் ஸ்கேன் செய்தால் புதுப்புது நுணுக்கம் வருகிறது, 25 ஆண்டு கழித்து எடுத்த படத்திலோ பதிவானதற்கு மேல் எடுக்க ஒன்றும் இல்லை. இன்னொரு பிரச்சினை நடிகர்களுடையது. நீலத் திரைக்கு முன் நின்று, எதிரே எதுவும் இல்லாமல் காதல் வசனம் பேசுவது யாருக்கும் கடினம், அதோடு அந்த வசனங்களை மாற்றி எழுது என்று சொல்ல ஒரு கெர்ஷ்னரோ காஸ்டனோ செட்டில் இல்லை.

யோடா பொம்மையா, கிராஃபிக்ஸா?

முதல் மூன்றில் பொம்மை. முகத்தைச் செய்தவர் ஸ்டூவர்ட் ஃப்ரீபார்ன், உயிர்கொடுத்தவர் ஃபிராங்க் ஆஸ். சதுப்புநில செட்டையே தரையிலிருந்து உயர்த்திக் கட்டி, அடியில் ஆட்டுவிப்பவர்கள் நிற்க இடம் விட்டார்கள். 1999-இல் தியேட்டரில் பார்த்ததும் பொம்மையே, 2011 ப்ளூ-ரேயில் அதையும் கிராஃபிக்ஸாக மாற்றிவிட்டார்கள். 2002, 2005 படங்களில் முழுக்க கிராஃபிக்ஸ். 2017 படத்தில் மறுபடி பொம்மையாக வந்தபோது எனக்குக் கண் கலங்கியது.

டிஸ்னி மூன்றுக்கும் திட்டமே இல்லையாமே?

மூன்றுக்குமான முழுக் கதை முன்கூட்டி இல்லை, அது உண்மை. 2012 அக்டோபரில் டிஸ்னி சுமார் 405 கோடி டாலருக்கு லூகாஸ்ஃபிலிமை வாங்கியது, லூகாஸ் கொடுத்த கதைச் சுருக்கங்களை ஓரமாக வைத்தது. ஆனால் திட்டமின்மை மட்டும் காரணம் என்றால் முதல் மூன்றும் தோற்றிருக்க வேண்டும், வேடர் விஷயத்தை மேலே சொன்னேன். அங்கே மூன்று படத்துக்கும் நடுவில் ஒரே ஆள் இருந்தார், படத்துக்கும் படத்துக்கும் மூன்று ஆண்டு இடைவெளி இருந்தது. இங்கே 2015, 2017, 2019 என்று தேதிகள் முதலில் வந்தன. முதல் படம் திரைக்கு வருவதற்கு முன்பே ரையன் ஜான்சன் இரண்டாவதை எழுதிக்கொண்டிருந்தார், ஆக மக்கள் எதை விரும்பினார்கள் என்று தெரிந்துகொள்ளவே வழியில்லை. மூன்றாவதை எடுக்க வேண்டிய காலின் ட்ரெவாரோ 2017 செப்டம்பரில் விலகினார். ஜே. ஜே. ஏப்ராம்ஸ் திரும்பி வந்தார், வெளியீடு ஏழு மாதம் மட்டும் தள்ளிப்போனது. இதற்கு நடுவில் கேரி ஃபிஷர் 2016 டிசம்பரில் இறந்துவிட்டார், 2015 படத்தில் பயன்படுத்தாத துண்டுகளைச் சுற்றி லேயாவின் காட்சிகளை எழுத வேண்டியிருந்தது. இப்படியான நிலையில் எந்த இயக்குநராலும் நிதானமாக முடிச்சுப் போட முடியாது.

கொஞ்சம் நேரம் கிடைத்தால் என்ன நடக்கும் என்பதற்கு 2015 படத்திலேயே சாட்சி இருக்கிறது. 2014 ஜூனில் ஃபால்கன் செட்டின் கதவு விழுந்து ஹாரிசன் ஃபோர்டின் கால் உடைந்தது, பிறகு படப்பிடிப்பை இரண்டு வாரம் நிறுத்தினார்கள். அந்த இடைவெளியில் புதிய நாயகர்களான ரே, ஃபின் இருவரின் உறவை மறுபடி யோசித்துச் சரிசெய்ததாக ஏப்ராம்ஸே சொல்லியிருக்கிறார். அந்தப் படத்தின் பலமே அவர்கள் இருவரும்தான்.

‘ரோக் ஒன்’னில் இறந்துபோன நடிகரைக் கொண்டுவந்தது சரியா?

1977 படத்தில் டார்கின் என்ற வில்லனாக நடித்த பீட்டர் குஷிங் 1994-இல் இறந்தார். 2016-இல் வந்த தனிப்படமான ‘ரோக் ஒன்’னில் கை ஹென்றி நடித்து, அவர் முகத்தின் மேல் குஷிங்கின் முகத்தை கிராஃபிக்ஸில் பொருத்தினார்கள். குடும்பத்தார் அனுமதி வாங்கித்தான் செய்தார்கள், வேலையும் திறமையானது. ஆனாலும் எனக்கு ஒப்பவில்லை. ஒரு நடிகர் எந்தக் காட்சியில் எப்படிப் பார்ப்பது என்று தானே முடிவு செய்வதுதான் நடிப்பு, அந்த முடிவு இங்கே அவருடையதில்லை. அதே படத்தில் இதைவிட அழகான வேலை இருக்கிறது: 1977 படத்துக்காக எடுத்துப் பயன்படுத்தாத விமானிகளின் ஃபிலிம் துண்டுகளைக் களஞ்சியத்தில் தேடி எடுத்து, கடைசி விண்வெளிச் சண்டையில் அப்படியே கோத்திருக்கிறார்கள். அவை அந்த நடிகர்கள் தாங்களே நடித்தவை.

வேடர் இருட்டு நடைபாதையில் வரும் கடைசிக் காட்சி மிகத் தாமதமாக, எடிட்டிங் அறையில் பிறந்த யோசனையின்படி எடுத்துச் சேர்த்தது.

இப்போது பேசப்படும் எல்இடி சுவர் என்ன, அது நல்லதா?

2019-இல் ‘தி மாண்டலோரியன்’ தொடருக்காகப் பெரிய அளவில் பயன்படுத்தினார்கள். சுமார் 20 அடி உயரத்தில் நடிகர்களை முக்கால் வட்டமாகச் சூழும் எல்இடி திரை, மேலேயும் திரை. விளையாட்டுகளுக்கான மென்பொருளில் செய்த பின்னணி அதில் ஓடும், கேமரா நகர்ந்தால் பின்னணியின் கோணமும் அதற்கேற்ப மாறும். அந்த நாயகனுக்கு உடம்பெல்லாம் பளபளக்கும் கவசம், நீலத் திரையில் எடுத்திருந்தால் கவசமெல்லாம் நீலம் பிரதிபலிக்கும். இங்கே பாலைவனச் சூரியாஸ்தமனம் நிஜமாகவே கவசத்தில் விழுகிறது. அந்தத் தொடருக்கு அது மிகச் சரியான முடிவு.

ஆனால் சுவரின் விட்டம் சுமார் 75 அடி. அதற்குள்தான் நடக்க வேண்டும், ஓட வேண்டும், நிற்க வேண்டும். பிறகு வந்த சில தொடர்களில் ஆட்கள் ஒரு வட்டத்துக்குள்ளேயே நின்று பேசிக்கொண்டிருப்பதும், உச்சி வெயிலின் கூர்மையான நிழல் எங்கேயும் விழாததும் கண்ணை உறுத்துகிறது. ‘ஆண்டோர்’ தொடரில் அதை உருவாக்கிய டோனி கில்ராய் அந்தச் சுவரைத் தவிர்த்துவிட்டு, ஃபெர்ரிக்ஸ் என்ற ஒரு ஊரையே செட்டாகக் கட்டினார், ஸ்காட்லாந்தின் க்ருவாக்கன் அணைக்குப் போனார், இரண்டாவது சீசனுக்கு ஸ்பெயினின் வலென்சியாவுக்குப் போனார். செலவு அதிகம்தான். ஆனால் ஃபெர்ரிக்ஸ் தெருவில் அந்தச் சவ ஊர்வலம் நடக்கும்போது மேளக்காரர்களின் பின்னால் இன்னும் எத்தனை தெருக்கள் இருக்கும் என்று மனம் தானாக நினைக்கிறது, அதற்கு அவர்கள் நடந்துபோக உண்மையான தூரம் வேண்டியிருந்தது.